புதிதாகச் செடி வளர்ப்பவர்களுக்கு மட்டும்

ஒக்கலிபுரம், பெங்களூரு
11.2.2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஷோபா எழுதுகிறேன். பெட்டியைப் பிரித்ததும் பாட்டிலுக்கு அடியில் மடித்த காகிதத்தைப் பார்த்துப் பயந்துபோயிருப்பீர்கள். பக்கத்தில் அண்ணன் இருந்தால் இப்போதே இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், அப்புறம் படிக்கலாம். நீங்களும் மகாவும் எப்படி இருக்கிறீர்கள்? குழந்தை இப்போது எந்த உயரம்? அண்ணனுக்கு முழங்கால் வலி விட்டதா?

என் கல்யாணத்துக்குப் பிறகு உங்கள் இரண்டு பேருடைய நம்பருக்கும் எத்தனையோ முறை அடித்துப் பார்த்துவிட்டேன். அண்ணன் என் நம்பரை அடைத்துவைத்திருப்பது தெரிகிறது. போன மாதம் மல்லேஸ்வரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். செடிகளுக்கு ஊற்றும் ஊட்டச்சத்து மருந்து தயாரிக்கிறார்கள். வீட்டில் முதல்முறையாகச் செடி வளர்ப்பவர்கள் பெயர் கொடுத்தால் இலைக்கு ஒன்று, பூவுக்கு ஒன்று என்று இரண்டு சின்ன பாட்டில் சாம்பிள் இலவசம். பெட்டி கட்டுவதும் விலாசம் எழுதுவதும் என் வேலை. எழுதிக்கொண்டே இருந்தபோது ஒருநாள் கை தானாக உங்கள் விலாசத்தை எழுதிவிட்டது.

நீங்கள் புதிதாகச் செடி வளர்ப்பதாக நானே பதிவு செய்துவிட்டேன். அது பொய்யாகிவிடக் கூடாது, ஒரு தக்காளியாவது வையுங்கள். உள்ளே ஒரு கார்டு இருக்கும். செடி எப்படி வளர்கிறது என்று எழுதித் தபாலில் போட வேண்டும். எங்கள் முதலாளி சேஷகிரி சாருக்குப் போன் பிடிக்காது. "போன்ல எல்லாரும் சும்னே நன்னா இருக்குன்னு சொல்லிடுவாம்மா. கையால எழுதறவாதான் நெஜத்தச் சொல்லுவா" என்பார் கன்னடம் கலந்த தமிழில்.

எனக்கு நீங்கள் எழுதினால் இந்த வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள். எழுத முடியாவிட்டாலும் தப்பாக நினைக்க மாட்டேன்.

உங்கள்
ஷோபா


ஆனேக்கல்
9.3.2024

கண்ணு ஷோபா,

நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நீயும் ஆண்ட்ரூவும் நன்றாக இருக்க வேண்டும். மகா என் தோள் வரை வந்துவிட்டாள். உங்கள் அண்ணனுக்கு முழங்கால் வலி அப்படியேதான், லேத் முன்னால் நாளெல்லாம் நிற்கிறாரே.

அன்றைக்குப் பெட்டியை வாங்கியதே அவர்தான். மேலே எழுதியிருந்த விலாசத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏது இது?" என்றார். "யாரோ கம்பெனிக்காரங்க ஃப்ரீயா குடுக்கறாங்களாம்" என்றேன். பிரிக்காமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு உயிர் வந்தது.

மகா தலையில் கை வைத்து "அவகிட்ட போன்ல பேச மாட்டேன்" என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். பேச மாட்டேன். எழுத மாட்டேன் என்று நான் சத்தியம் பண்ணவில்லை. அவர் மேலும் ஒரேயடியாகத் தப்புச் சொல்ல முடியவில்லை கண்ணு. நீ ஆண்ட்ரூவோடு போன அன்று, அவர் பார்த்துவைத்த நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்களை வாசலில் நின்று ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினாரே, அதற்குப் பிறகு அந்தச் சட்டையை அவர் போடவேயில்லை.

ஒரு அதிசயம் கேள். மறுநாள் ஃபேக்டரியிலிருந்து காலி பெயின்ட் பக்கெட்டுகள் கொண்டுவந்தார். அவரே அடியில் ஓட்டை போட்டார். மாடியில் வரிசையாக வைத்தாயிற்று. இனிமேல் பெட்டிக்குள் எதுவும் வைக்காதே. நான் வேலை செய்யும் அங்கன்வாடிக்கு எழுது. விலாசம் பின்பக்கம் இருக்கிறது.

அன்புடன்
அண்ணி யசோதா


ஆனேக்கல்
14.4.2024

கம்பெனியாருக்கு,

வணக்கம். என் பெயர் முனிகிருஷ்ணன். என் மனைவி யசோதா பெயரில் நீங்கள் அனுப்பிய இலவச சாம்பிள் வந்து சேர்ந்தது. அவளுக்கு வேலை அதிகம் என்பதால் செடிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு இது புதிது. இதுவரை மெஷினைத் தவிர எதையும் வளர்த்தோ பார்த்தோ பழக்கமில்லை.

தக்காளியும் மிளகாயும் வைத்திருக்கிறேன். செடி மெதுவாக வருவதாகத் தோன்றியதால், ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஒரு மூடி என்று போட்டிருந்தும் நான்கு மூடி கலந்து ஊற்றிவிட்டேன். இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. மருந்தின் மேல் குறை சொல்லவில்லை. நான்தான் அவசரப்பட்டுவிட்டேன். இப்படிக் கருகியது மறுபடி தேறுமா, இல்லை பிடுங்கிப் போட்டுவிட வேண்டியதுதானா என்று தெரிவிக்கவும்.

கார்டில் இடம் போதவில்லை, அதனால் தனித்தாள். எனக்குத் தமிழ்தான் எழுத வரும். உங்களிடம் படிக்கத் தெரிந்தவர் இருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு
மு. முனிகிருஷ்ணன்


மல்லேஸ்வரம், பெங்களூரு
22.4.2024

மதிப்பிற்குரிய திரு. முனிகிருஷ்ணன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. எங்களிடம் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இருக்கிறார்.

கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. ஆனால் செடி சாகவில்லை. அடி ஓட்டை வழியாக வடியும்வரை வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை அலசி விடுங்கள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் மருந்தே வேண்டாம். தண்டு பச்சையாக இருந்தால் கணுவிலிருந்து புதுத் துளிர் வரும். தயவுசெய்து பிடுங்கிவிடாதீர்கள். புதிதாகச் செடி வைப்பவர்கள் எல்லோருமே முதலில் அதிகமாக ஊற்றிவிடுவது வழக்கம்தான்.

இத்துடன் இன்னொரு சாம்பிள் அனுப்பியிருக்கிறோம். இதுவும் இலவசம். வெயிலில் நெடுநேரம் மாடியில் நிற்க வேண்டாம். காலையிலோ மாலையிலோ தண்ணீர் விட்டால் போதும்.

வணக்கத்துடன்
வாடிக்கையாளர் பிரிவு


ஒக்கலிபுரம்
5.5.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் மகாவும் இந்த வெயிலில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? இங்கே எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை.

அண்ணனிடமிருந்து கம்பெனிக்குக் கடிதம் வந்ததே, தெரியுமா? தபால் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அவர் எழுத்து, அந்த அழுத்தமான பேனா. தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கமெல்லாம் மேடு தட்டியிருக்கிறது. பாத்ரூமுக்குள் போய் நின்று படித்தேன். என்னை "நீங்கள்" என்று எழுதியிருக்கிறார் அண்ணி! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கம்பெனி மாதிரியே பதில் எழுதி அனுப்பிவிட்டேன். ஒருவருக்கு ஒரு தடவைதான் இலவசம். இரண்டாவது பெட்டி எப்படிப் போயிற்று என்று சேஷகிரி சார் கேட்டால் மகா பெயரைச் சொல்லிக்கொள்கிறேன்.

அவருக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லையே? வந்தால் எழுதுவதை நிறுத்திவிடுவார். அதனால் நீங்கள் எதையும் காட்டிக்கொள்ள வேண்டாம். கம்பெனி மேடமாகவே கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன்.

ஆபீஸில் மருந்து வாடை இப்போதெல்லாம் பிடிப்பதில்லை. காபியும் பிடிக்கவில்லை. வெயில்தான் காரணம். வேறு ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்.

உங்கள்
ஷோபா


ஆனேக்கல்
30.6.2024

கம்பெனி மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் சொன்னபடி மண்ணை அலசிவிட்டேன். துளிர் வந்தது. இப்போது எல்லாச் செடியும் இடுப்பு உயரம் இருக்கிறது. மிக்க நன்றி.

இப்போது வேறு ஒரு தொந்தரவு. தக்காளிக்காய் மேலே பார்க்க நன்றாக இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கறுத்துப்போயிருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது இரண்டு மூன்று நாள் தண்ணீர் விட முடியாமல், பிறகு ஒரேயடியாக ஊற்றுகிறேன். அதனால் இருக்குமா?

கோடையில் பெங்களூரில் தண்ணீருக்குப் பெரிய கஷ்டம் என்று பேப்பரில் படித்தேன். உங்கள் பக்கம் இப்போது ஒழுங்காக வருகிறதா? வேலை செய்கிற பெண்கள் வீட்டுக்குப் போய்க் குடம் தூக்குவது சிரமம். உங்கள் கம்பெனியில் மதியம் நேரத்துக்குச் சாப்பிட விடுகிறார்களா? செடிக்குச் சம்பந்தமில்லாததைக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

இப்படிக்கு
மு. முனிகிருஷ்ணன்


மல்லேஸ்வரம்
8.7.2024

மதிப்பிற்குரிய திரு. முனிகிருஷ்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நினைத்தது சரிதான். காயவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் காய்க்குப் போக வேண்டிய சத்து போய்ச் சேராது. அதனால்தான் அடி கறுக்கிறது. கொஞ்சமாக இருந்தாலும் தினமும் விட்டால் அடுத்து வரும் காய்கள் நன்றாக வரும். கறுத்தவற்றைப் பறித்துவிடலாம்.

இங்கே தண்ணீர் வருகிறது. குடமெல்லாம் தூக்குவதில்லை, தூக்க விடுவதுமில்லை. மதியம் நேரத்துக்குச் சாப்பாடும் நடக்கிறது. கேட்டதற்கு நன்றி.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறி இறங்குபவர்களுக்குப் பொதுவாக வலி வரும் என்பதால் கேட்கிறோம்.

வணக்கத்துடன்
வாடிக்கையாளர் பிரிவு


ஆனேக்கல்
11.8.2024

கண்ணு ஷோபா,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ கடைசியாக எனக்கு எழுதி மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டதே, ஏன்? வாடை பிடிக்கவில்லை என்றாயே, டாக்டரிடம் போனாயா?

உங்கள் அண்ணன் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மாடிக்குப் போகிறார். முதல் தக்காளியை ரசம் வைத்தேன். சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். கம்பெனிக் கடிதத்தை மட்டும் என்னிடம் படித்துக் காட்டுகிறார். "அந்த மேடம் நல்லா வெவரமா எழுதறாங்க இல்ல?" என்கிறார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே "ம்" என்கிறேன்.

எனக்கு இது பிடிக்கவில்லை கண்ணு. அவரை ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது. நீ உன் பெயரைப் போட்டு ஒரு கடிதம் எழுது. இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராக வந்து நில். விரட்ட மாட்டார் என்று என் மனசு சொல்கிறது. தள்ளிப்போடாதே. அவருடைய ஃபேக்டரியில் என்னென்னவோ பேசிக்கொள்கிறார்கள். அதெல்லாம் நேரில் வரும்போது சொல்கிறேன்.

அன்புடன்
அண்ணி


ஒக்கலிபுரம்
15.9.2024

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் சௌக்கியம்தானே? அண்ணன் வீட்டுக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தாரா?

புதன்கிழமை அவர் எங்கள் கம்பெனிக்கு வந்தார். உங்களிடம் சொல்லியிருந்தாரா என்று தெரியவில்லை. நான் பின்னறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் குரல் கேட்டது. "தமிழ்ல லெட்டர் எழுதுவாங்களே, அந்த மேடத்தப் பாக்கணும்." என்னோடு வேலை செய்யும் ரக்ஷிதா உள்ளே வந்து, "அக்கா, ஆனேக்கல்லேர்ந்து யாரோ கஸ்டமர். உங்களத்தான் கேக்கறாரு" என்றாள்.

"நான் இல்லன்னு சொல்லிடு" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். "அவங்க லீவ் சார்" என்றாள். "லீவா? ஒடம்புகிடம்பு சரியில்லையாமா?" என்றார் அண்ணன். "இல்ல சார், சும்மா லீவ்." "சரிமா. அவசரம் ஒண்ணுமில்ல. வந்தேன்னு சொல்லுங்க."

சேஷகிரி சார் அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம்கூடக் கேட்டது. அவர் போன பிறகு வாசலுக்கு ஓடினேன். சம்பிகே ரோட்டுக் கூட்டத்தில் முதுகு தெரிந்தது. புதுச் சட்டை. கூப்பிட வாயெடுத்துவிட்டு உள்ளே திரும்பிவிட்டேன். மேஜை மேல் ஒரு பை நிறையத் தக்காளி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு எழுந்து அவர் முன்னால் போய் நிற்கிற நிலையில் நான் இல்லை. கொஞ்ச நாள் பொறுத்து நானே வருகிறேன். அதுவரை அவரிடம் எதுவும் சொல்ல வேண்டாம்.

உங்கள்
ஷோபா


ஆனேக்கல்
20.10.2024

ஷோபா,

நீ நன்றாக இருக்கிறாயா? உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. கோபமில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அந்தப் புதன்கிழமை "ஃபேக்டரியில மீட்டிங்" என்று என்னிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் போனார். நல்ல காய்களாகப் பார்த்துப் பறித்துத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார். மீட்டிங்குக்கு எதற்குத் தக்காளி என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் நேராக மாடிக்குப் போய்விட்டார். இறங்கவேயில்லை. நான் போய்ப் பார்த்தேன்.

"மல்லேஸ்வரம் போயிருந்தேன். ஷோபா உள்ளதான் இருந்தா. வரல" என்றார்.

"உங்களுக்கு எப்பத்திலிருந்து தெரியும்?" என்றேன்.

"மொத பெட்டியிலேயே தெரியும். மேல வெலாசம் அவ எழுத்து. எனக்குத் தெரியாதா? இல்லன்னா மல்லேஸ்வரத்துக் கம்பெனிக்கு நான் எதுக்குத் தமிழ்ல எழுதப் போறேன்? எனக்கென்ன கன்னடம் எழுத வராதா?"

நாம் இரண்டு பேரும் அவரை ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். "கூட்டிட்டு வந்துடலாம்னுதான் போனேன். அவளுக்கு வேணாம்போல இருக்கு. விடு" என்றார். அதற்குப் பிறகு உன் பேச்சே இல்லை.

இன்னொன்று. ஃபேக்டரியை ஹுப்பள்ளிக்கு மாற்றுகிறார்கள், ரயிலில் ஒரு ராத்திரிப் பயணம். ஜூலையிலேயே எனக்குத் தெரியும். அதற்குள் நீங்கள் இரண்டு பேரும் பேசிவிடுவீர்கள், எல்லோருமாகச் சேர்ந்து சாமான் கட்டலாம் என்று ஆசையில் எழுதாமல் இருந்துவிட்டேன். தீபாவளிக்கு முன்னால் கிளம்புகிறோம். மிளகாய்ச் செடிகளை வீட்டுக்காரருக்குக் கொடுத்தாயிற்று. தக்காளி முடிந்துவிட்டது. புது விலாசம் கீழே.

ஏன் வரவில்லை என்று என்னிடமாவது சொல்.

அண்ணி


ஒக்கலிபுரம்
8.12.2024

அன்புள்ள அண்ணிக்கு,

புது ஊர் பழகிவிட்டதா? மகாவுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்ததா? அண்ணனுக்கு அங்கே குளிர் ஒத்துக்கொள்கிறதா?

நவம்பரில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலமாக இருக்கிறோம்.

இப்போது உங்களுக்கு எல்லாம் புரிந்திருக்கும். அண்ணன் வந்த அன்று எனக்கு ஏழாம் மாதம். பிறந்த வீட்டிலிருந்து வந்து வளையல் போட வேண்டிய மாதம். அப்படியே எழுந்து போய் அவர் முன்னால் நின்றால், நீங்கள் செய்யாததைப் பாருங்கள் என்று காட்டுவது மாதிரி ஆகிவிடுமோ என்று பட்டது. அவர் என் வயிற்றைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டால் அதை என்னால் பார்க்க முடியாது. குழந்தை பிறந்த பிறகு தூக்கிக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்துவிடலாம், அப்போது யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன். அவகாசம் இருக்கிறது என்று நினைத்தேன்.

உங்களுக்காவது முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். எழுதினால் நீங்கள் அவரிடம் சொல்வீர்கள், அவர் கடமைக்காக வருவார். கடமைக்காக வேண்டாம், என்னைப் பார்க்க வரட்டும் என்று வீம்பு. அவர் என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை.

வளையல் போட்டார்கள் அண்ணி. ஆண்ட்ரூவின் அம்மா தெருவில் இருக்கும் பெண்களையெல்லாம் கூப்பிட்டுச் செய்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது.

உங்கள் அக்டோபர் கடிதம் கிடைத்தபோது என்னை எழுந்து நடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆண்ட்ரூ ஆனேக்கலுக்கு ஓடினார். முந்தின நாள்தான் லாரி போயிற்று என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

இதை அண்ணனிடம் சொல்வதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். சொல்லாதீர்கள் என்று இனி எழுத மாட்டேன்.

உங்கள்
ஷோபா


ஹுப்பள்ளி
19.1.2025

ஷோபாவுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதத்தை யசோதா கொடுத்தாள். நீயும் குழந்தையும் நலம் என்று தெரிந்துகொண்டேன். ஆண்ட்ரூவையும் அவருடைய அம்மாவையும் விசாரித்ததாகச் சொல். எங்களுக்கு இங்கே குறையொன்றுமில்லை. பொங்கல் வைத்தோம்.

அன்றைக்கு அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டதும் நீ பதில் சொன்னதும் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் காபி கொடுத்தார்கள். ஆறும்வரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஷோபா என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் நீ வந்திருப்பாய். நான் இவ்வளவு தூரம் வந்ததே பெரிது, மிச்சத்தை அவள் வரட்டும் என்று இருந்துவிட்டேன். அதனால் உன்னை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நீ அழுதுகொண்டிருக்காதே, பால் கொடுக்கிறவள்.

வளையல் கொண்டுவர வேண்டிய மாதத்தில் தக்காளியை வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். உன் கடிதத்தைப் படித்த அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தால் இதுதான் ஞாபகம் வருகிறது. இனி எது செய்தாலும் அது அந்த மாதத்தில் செய்ததாகாது.

இங்கே வீடு கீழ்த்தளத்தில். மாடி நமக்கில்லை. வாசலில் கொஞ்ச நேரம்தான் வெயில் விழுகிறது. செடி எதுவும் வைக்கவில்லை.

புது இடம் என்பதால் யுகாதி வரை லீவு கிடையாது. அதற்குப் பிறகு கேட்டுப் பார்க்கிறேன். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு நீ ரயிலில் அலைய வேண்டாம். போனில் எனக்குப் பேச வராது. எழுது.

குழந்தைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று உன் அண்ணி கேட்கிறாள்.

அண்ணன்
முனிகிருஷ்ணன்